நான் நிரப்பிக் கொடுத்த போத்தல்கள்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் ரப்பர்த் தோட்டம் போய்விட்டது. எங்கள் வரிசை வீடுகள் மட்டும் இன்னும் நிற்கின்றன. மழை பெய்தால் கழிவுத் தொட்டி பொங்கி, பின்னால் இருக்கும் மண்ணில்தான் வடியும். பிள்ளைகள் செருப்பில்லாமல் விளையாடுவதும் அங்கேதான்.

ஒரு நாள் ஆராய்ச்சி செய்யும் பெண்கள் வந்து ஆளுக்கொரு சின்னப் போத்தல் கொடுத்தார்கள். காலையில் மலம் எடுத்து வைக்க வேண்டும், குடற்புழு இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. மறுநாள் அரைமணி நேரம் உட்கார வைத்தும் ஒன்றும் வரவில்லை. வாசலில் என்னை வேலைக்கு ஏற்றிப்போக வந்த கையுறைத் தொழிற்சாலை வேன் ஹாரன் அடிக்கிறது. வெறும் போத்தலைக் கொடுத்தால், எதையோ மறைக்கிறோம் என்று வரிசையே பேசும். நரம்பில்லாத நாக்குகள். என்னுடையதையே இரண்டு போத்தலிலும் போட்டு, ஒன்றில் மகள் பெயரை எழுதி ஒட்டினேன்.

பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள். "என் பசங்களுக்கும் வரல. உன்னோடதுல கொஞ்சம் குடு லா, எல்லாம் ஒண்ணுதானே."

அவள் பிள்ளைகளின் இரண்டு போத்தலுக்கும் கொடுத்தேன். இருவரும் சிரித்துக்கொண்டோம் வேறு.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் புழு இல்லை என்று கடிதம் வந்தது. எல்லாம் என்னுடையதுதானே. தொழிற்சாலையில் நாள் முழுக்க பூட்ஸ் போட்டு நிற்பவளுக்கு எங்கிருந்து வரும்?

சில மாதங்களில் மகள் வெளுக்க ஆரம்பித்தாள். மண்ணை அள்ளித் தின்றாள். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. ரத்தம் குறைந்துகொண்டே போனது, மருந்து கொடுத்தும் ஏறவில்லை. புழு இருக்குமோ என்று டாக்டர் கேட்டபோது அந்தக் கடிதத்தைக் காட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வெட்கம், அவ்வளவுதான். பிள்ளையைவிட எனக்கு மானம் பெரிதாக இருந்தது.

புற்றுநோயா என்று பார்க்க எலும்புக்குள் ஊசி போட வேண்டும் என்றார்கள். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வேணாம்மா. நான் இனிமே மண்ணு திங்க மாட்டேன்" என்றாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"டாக்டர், அந்தப் போத்தல்ல இருந்தது இவளோடது இல்ல. என்னோடதத்தான் வச்சுக் குடுத்தேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். உடனே சோதித்தார்கள். கொக்கிப்புழு, குடல் முழுக்க.

"மண்ணுலேருந்து கால் வழியா ஏறுது," என்றார் டாக்டர். "கூட விளையாடுற பிள்ளைங்களும் மாத்திரை சாப்பிடணும், இல்லாட்டி அவங்க மலத்துலேருந்து மண்ணு மறுபடியும் கெட்டுப்போகும், இவளுக்கும் வந்துரும். இன்னொரு தடவ இவ்வளவு ரத்தம் போச்சுன்னா இந்த உடம்பு தாங்காதுமா."

வேலைக்குப் போகாமல், டாக்டர் கொடுத்த மாத்திரைகளோடு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவளுடைய சின்னவன் வெளுத்த முகத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவள் உள்ளே போய்க் கடிதத்தை எடுத்து வந்தாள்.

"எங்க வீட்ல புழு இல்ல. இதோ எழுதியிருக்கு, பாரு."

"அக்கா, அது என்னோடதுக்கா. உங்களுக்கே தெரியும்."

"எம் பசங்கள நாறடிக்காத. போ."

கதவைச் சாத்தினாள். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். மாத்திரையையாவது வாங்கிக்கொள்ளுங்கள் அக்கா, என் பிள்ளை செத்துப்போவாள் என்று கத்தினேன். உள்ளே டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள்.