மெழுகு அடைத்த மாம்பழம்

"பழத்தை அறுத்தா சாராய வாடை அடிக்குது. ஒரு பெட்டிகூட விக்க முடியாது."

சென்னை வியாபாரி போனில் சொன்னபோது நான் காயைத் தரம் பிரிக்கும் கிரேடிங் பெல்ட் பக்கத்தில் நின்றிருந்தேன். சித்தூருக்கு வெளியே, மாங்காயைக் கழுவி மெழுகு பூசிப் பெட்டி கட்டும் பேக் ஹவுஸில் நான் குவாலிட்டி சூப்பர்வைசர்.

மேனேஜர் லாட் நம்பரைப் பார்த்தார். குடுபல்லி முனிரத்தினம் தோட்டத்துப் பங்கனப்பள்ளி.

"கீழ விழுந்த காயைக் கலந்திருப்பாரு. நாம காய் வாங்குற லிஸ்ட்லருந்து அவர் பேரை எடுத்துடுங்கம்மா."

நானும் அப்படித்தான் நினைத்தேன். முனிரத்தினத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை அவர் ஒரு பையோடு வந்து நின்றார். பாதி காய், பாதி பழம்.

"இன்னாம்மா இது? நானே கூட நின்னுக்கினு காம்போட பறிச்சுக் குடுத்தேன். இது அதே மரத்துப் பழம். துன்னு பாரு. என் பேரை அடிச்சிட்டா இந்தப் பக்கம் எவன் என் காயைத் தொடுவான்?"

அறுத்தேன். தேன் போல இருந்தது. அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. வியாபாரி பளபளப்புப் போதவில்லை என்று கேட்டதால், அந்த லாட்டுக்கு மெழுகில் கலக்கும் தண்ணீரைக் குறைக்கச் சொன்னது நான். "ரொம்ப கெட்டியா இருக்குது மேடம்" என்று மெஷின் ஆபரேட்டர் சொன்னதையும் காதில் வாங்கவில்லை.

ஒரு வாளியில் வெந்நீர் பிடித்து, அவர் கொண்டுவந்த காய் ஒன்றை அமுக்கினேன். தோலில் இருக்கும் ஊசிமுனைப் புள்ளிகளிலிருந்து சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. அந்தப் புள்ளிகள்தான் காயின் மூச்சுத் துளைகள். மரப்பட்டையிலும் இதே மாதிரி உண்டு. பறித்த பிறகும் காய்க்கு உயிர் இருக்கிறது. அந்தத் துளைகள் வழியாகக் காற்று வாங்குகிறது. சாம்பிளுக்கு எடுத்து வைத்திருந்த, மெழுகு பூசிய பழத்தை அமுக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. அறுத்ததும் குப்பென்று அடித்தது அந்த வாடை. மூச்சு அடைபட்டு உள்ளேயே புளித்திருந்தது.

சொன்னால் வேலை போய்விடலாம். முனிரத்தினம் எதிரிலேயே நின்றார். மேனேஜரைக் கூப்பிட்டேன்.

"சார், தப்பு தோட்டத்துல இல்ல. மெழுகைக் கெட்டியா கலக்கச் சொன்னது நான்."

மேனேஜர் அறுத்த பழத்தை எடுத்து மோந்து பார்த்தார். பிறகு, "நடந்ததை எழுதிக் குடுங்க" என்றார். மெமோ வந்தது; வேலை தங்கியது. முனிரத்தினம் பெயர் மறுபடி லிஸ்டில் ஏறியது. நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் பையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"இந்த வாளியில நேத்தே போட்டுப் பாத்திருக்கலாமேம்மா."

அடுத்த சீசனில் அவர் தம் காயை வேறு இடத்துக்குக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு லாட் கெட்டுப்போனால், முதலில் உங்கள் கை என்ன செய்தது என்று பாருங்கள். தோட்டக்காரருக்குப் போன் செய்வது அதற்குப் பிறகு.