மாசியில் எடுத்த சர்வே

மாடிப்படியைக் கண்டாலே இப்போதெல்லாம் நதியாவின் முழங்கால் முணுமுணுக்கத் தொடங்கிவிடும். வாணியம்பாடியில் அவள் ஏறாத மொட்டைமாடி குறைவு. கம்பி இழுக்காமல், காற்று வழியாகவே வீட்டுக்கு வேகமான இன்டர்நெட் கொடுக்கும் ஒரு கம்பெனி, இந்த ஊரில் அது சரிப்படுமா என்று பார்க்க அவளை வேலைக்கு எடுத்திருந்தது. மாடியில் நின்று டவருக்கு நேராக வெள்ளைப் பெட்டியைப் பிடித்துப் பார்க்க வேண்டும். சிக்னல் வந்தால் 'முடியும்', வராவிட்டால் 'முடியாது'. 'முடியும்' போட்ட சில வீடுகளில் சோதனைக்காகப் பெட்டியை மாட்டியும் விட்டிருந்தாள். ஊர் தேறினால் அவள் வேலையும் நிலைக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு மலைமேல் புதூர்நாட்டுக்குப் போய், புருஷன் சந்திரனோடு சாமைக் கொல்லையில் களையெடுக்க வேண்டியதுதான். மகள் அன்பரசி திருப்பத்தூரில் நர்சிங் படிப்பது இந்த மாடிப்படிகளை நம்பித்தான்.

சித்திரை மாதத்துச் சனிக்கிழமை. அப்படிப் பெட்டி மாட்டிய ஆசியாம்மா வீட்டிலிருந்து மறுபடியும் புகார்.

"இன்னாம்மா, ஒன் பொட்டி நோம்பு வெச்சிருக்குதா? காலையிலேர்ந்து ஒண்ணுமே எறங்கல" என்றாள் ஆசியா.

அவள் மகள் ஜோயா கைக்குழந்தையோடு பின்னாலேயே வந்தாள். வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்ப்பவள். "மீட்டிங் நடுவுல என் மூஞ்சி அப்டியே நின்னுடுதுக்கா. இனிமே ஆபீசுக்கே வந்துடுன்றாங்க. இவன வெச்சுக்கினு நான் எங்க போறது?"

நதியா மாடிக்கு ஏறிப் பெட்டியைத் துடைத்தாள். திருகாணிகளை முடுக்கினாள். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. முட்டி வலிக்க, கைப்பிடிச் சுவரோரம் நிழலில் உட்கார்ந்தாள்.

நிழல்.

இந்தப் பெட்டியை மாட்டிய அன்று வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றது நினைவுக்கு வந்தது. அண்ணாந்து பார்த்தாள். மாசியில் குச்சி குச்சியாக நின்ற வேம்பு, இப்போது இலையும் பூவுமாகக் கவிந்திருந்தது. அதற்குப் பின்னால் டவர். டவரிலிருந்து வரும் இந்த அலை வேகத்தில் கெட்டி, ஆனால் இலை மறைத்தால்கூடத் தடுமாறிவிடும். இந்த வீடு மட்டுமா? சர்வே மொத்தத்தையும் மாசியில்தான் எடுத்தார்கள். அவள் 'முடியும்' போட்ட தெருக்களில் வேம்பும் புங்கனும் இல்லாத தெரு எது?

"அந்த மரத்த வெட்டச் சொல்லாத தாயி" என்றாள், பின்னாலேயே மாடிக்கு வந்திருந்த ஆசியா. "பக்கத்து வூட்டு சகுந்தலா மஞ்சத்துணி கட்டி வெச்சிருக்குது. கேட்டா நம்மள வெட்டிடும். எங்களுக்கும் சித்திரையில அந்த நெழலுதான்."

கீழே இறங்கி சூப்பர்வைசர் சுரேஷுக்குப் போன் போட்டாள். அவளைவிட வயதில் சின்னவன்.

"சுரேஷு, மாசியில எடுத்த சர்வே செல்லாதுப்பா. மரமெல்லாம் எல வுட்டுடுச்சி."

"பொட்டி ரிப்பேருன்னு போட்டு வேற மாத்துங்கக்கா."

"புதுப் பொட்டிக்கு மட்டும் எல வழி வுடுமா?"

"திங்கக்கெழம ரிப்போர்ட் போவுது. நீங்க சொல்றத எழுதுனா ஊரே தேறாது. ஒங்க வேலையும் சேந்துதான் போவும்."

"தெரியுது."

"வூட்டுக்குப் போய்ட்டு, நல்லா யோசிச்சிட்டுச் சொல்லுங்க."

அன்று சாயங்காலம் ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்து புதூர்நாட்டுக்கு மலையேறினாள். வீட்டு வாசலில் சந்திரன் புளியை உடைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தான். அவளும் உட்கார்ந்து கொட்டை எடுத்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"மாசியில போய்ப் பாத்துட்டு, மரம் மறைக்கலன்னு எழுதுனியா?" என்றான் அவன். "மலையில பொறந்தவன்னு வெளிய சொல்லிடாத."

சிரிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"பொட்டிய மாத்தி மாத்தி, கொஞ்ச நாள் ஓட்ட முடியாதா?"

"ஓட்டலாம். ஒவ்வொரு மாடியா ஏறி பொய் சொல்லணும். ஏர்றதே முடியல."

அவன் புளியைப் பார்த்தபடி, "அன்பரசி படிப்பு?" என்றான். இருவரும் கூடை நிரம்பும்வரை கொட்டை எடுத்தார்கள்.

மலைமேல் வீட்டில் போனுக்குச் சிக்னல் எடுக்காது. மறுநாள் காலை, ஜீப் நிற்கிற வளைவுக்கு நடந்துபோய் சுரேஷைக் கூப்பிட்டாள்.

"மரம் இருக்கற வூட்டுக்கெல்லாம் முடியாதுன்னே எழுதிக்கப்பா. ஆசியாம்மாவுக்கு மட்டும் ஒண்ணு பண்ணலாம். மரத்துக்கு அந்தாண்ட சகுந்தலாம்மா மாடி. பொட்டிய அங்க மாட்டி, இங்க ஒரு கம்பி இழுத்துடலாம். நான் அவங்கள கேட்டுப் பாக்கறேன்."

"கம்பியில்லாத இன்டர்நெட்டுக்குக் கம்பியா?" சுரேஷ் சிரித்துவிட்டான். பிறகு குரல் இறங்கியது. "மீதி வூட்டுல எல்லாம் பொட்டியத் திருப்பி எடுக்கச் சொல்லுவாங்கக்கா. அதுக்கப்புறம்..."

"தெரியும்ப்பா."

"அப்ப, நாளைக்கி வர்றீங்களா?"

"வர்றேன்" என்றாள் நதியா, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. "கழட்டறதுக்கும் ஒரு ஆளு ஏறணும் இல்ல."