கிளியும் நான்கு கூட்டல் குறிகளும்

சிவகாசியில் பட்டாசு லேபிள் வரைவது என் வேலை. நான் வரைந்த கிளி ஒன்று, நாரணாபுரத்துக் கம்பெனியின் சரவெடிப் பெட்டியில் ஏறி நன்றாக விற்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கிளியைக் கையில் குத்திக்கொள்வதென்று முடிவுசெய்து, பிரஸ்ஸில் மெஷின் பக்கம் கிடந்த தாள் ஒன்றை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விருதுநகருக்குப் பஸ் ஏறினேன்.

பச்சை குத்துகிறவர் கடமை தவறாதவர். தாளில் இருந்ததையெல்லாம் குத்திவிட்டார். எங்கள் பழைய மெஷினில் மஞ்சள், நீலம், கருப்பு, கடைசியாகச் சிவப்பு என்று ஒவ்வொரு கலராகத்தான் ஓட்டுவோம். ஒன்றன்மேல் ஒன்று பிசகாமல் உட்காருகிறதா என்று பார்க்க, நான்கு மூலையிலும் வட்டத்துக்குள் ஒரு கூட்டல் குறி இருக்கும். லேபிளை வெட்டும்போது அதுவும் ஓரத்தோடு போய்விடும். இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? ஊசிக்குப் பயந்து நானோ முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், முழங்கைக்குக் கீழே கிளி. அதைச் சுற்றி நான்கு கூட்டல் குறிகள்.

வேறு ஊராக இருந்தால் ஏதோ டிசைன் என்று விட்டிருப்பார்கள். சிவகாசி டீக்கடையில் நிற்பவர்களில் பாதிப்பேர் பிரஸ்காரர்கள். எங்கள் கட்டிங் மெஷின்காரர் ஸ்கேலோடு வந்து, எந்தக் கோட்டில் வெட்டட்டும் என்று கேட்டார். அவர் டீயையும் நான்தான் வாங்கிக் கொடுத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து எனக்குப் பெண் அமைந்தது. மல்லாங்கிணற்றுப் பெண், காலண்டர் பிரஸ்ஸில் புரூப் பார்க்கிறாள். அவள் கண்ணைத் தாண்டி ஒரு தப்பும் அச்சேறியதில்லை என்று பெயர். போட்டோவைப் பார்த்ததுமே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அதனால்தான் பயம். சொந்தக் கையையே சரிபார்க்காதவனை எவள் கட்டுவாள்? ஆவணியில் நிச்சயம். அதற்குள் குறிகள் போயாக வேண்டும்.

பைண்டிங்கில் இருக்கும் நண்பன் கல்லுப்பை வைத்துத் தேய்க்கச் சொன்னான். ஒரு மூலையில் மட்டும் தேய்த்துப் பார்த்தேன். தோல் உரிந்தது, குறி அசையவில்லை. சோறு பிசையக்கூட முடியாமல் அவனைத் திட்டிக்கொண்டே ஸ்பூனில் சாப்பிட்டேன். அடுத்து, போனில் விளம்பரம் பார்த்து ஒரு கிரீம் வரவழைத்தேன். கையிலிருந்த முடியெல்லாம் கொட்டியது. முன்பு முடிக்குள் கொஞ்சம் மறைந்திருந்த குறிகள் இப்போது பஸ் ஜன்னல் வழியாகவே தெரிந்தன.

குத்தியவரிடமே போய் நின்றேன். அவர் வருத்தப்பட்டார், அழிக்க முடியாது, மேலே வேறு வரைந்து மறைக்கலாம் என்றார். நான்கையும் தரைச்சக்கரமாக மாற்றித் தருவாராம். தீபாவளி கிஃப்ட் பாக்ஸைக் கையில் ஒட்டிக்கொண்டு நான் மாப்பிள்ளையாகப் போவதா? கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

மிச்சமிருந்தது லேசர்தான். மதுரையில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். கருப்பு சீக்கிரம் போகும், பச்சையும் மஞ்சளும்தான் லேசில் போகாது என்றார். கிளி இருக்கட்டும், குறிகளை மட்டும் எடுங்கள் என்றேன். மத்தாப்புப் பொறி ஒரே இடத்தில் மறுபடி மறுபடி விழுந்தால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. சில வாரம் விட்டு விட்டுப் போய்வந்ததில் ஆவணிக்குள் நான்கும் மறைந்தன. எல்லா வழியும் பார்த்தவன் சொல்கிறேன், லேசர்தான் வேலைக்காகும். பெருமையில் எனக்கு மறுபடியும் தலைகால் புரியவில்லை.

நிச்சயம் முடிந்து, பந்தியிலிருந்து எழுந்து, சட்டைக் கையை மடக்கிவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் குழாய்க்கு அவள் வந்தாள். என் கையையே பார்த்தாள்.

"பிரஸ்ஸுல எல்லாரும் சொன்ன மார்க்கை எடுத்துட்டீக போல. நல்லாத்தான் எடுத்திருக்காக," என்றாள் மெதுவாக. "ஆனா கிளிக்கு மூக்கு ஏன் மஞ்சளா இருக்கு? செவப்பு ஓடுறதுக்கு முந்துன தாளக் குடுத்திட்டீகளோ?"

குனிந்து பார்த்தேன். மஞ்சள்தான். வரைந்தது நான், சுமந்தது நான். மூலையை மட்டுமே பார்த்துப் பார்த்து, இத்தனை மாதமும் நடுவில் இருந்த மூக்கைப் பார்க்கவில்லை. எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அவள் குழாயை மூடினாள்.

"கல்யாணப் பத்திரிகை புரூப்பை எங்கிட்டக் குடுத்து விடுங்க," என்றாள். "நீங்க பாக்க வேண்டாம்."