தீர்ப்புக்கு ஒரு டீ

டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடித்தபடியே, "கை கோத்தாச்சா?" என்று கேட்கிறார் அப்துல் கய்யூம் பாய். எதிரே நிற்கும் இரண்டு பேரும் கோத்த கைகளை நீட்டுகிறார்கள். பாய் ஈரக் கையால் நடுவில் ஒரு வெட்டு வெட்டிப் பிரித்து விடுகிறார். பந்தயம் விழுந்துவிட்டது, இனி யாரும் பின்வாங்க முடியாது. "ஹாங், இப்போ கேளு."

கச்சேரி ரோட்டில் அவர் வைத்திருப்பது வாடகை சைக்கிள் கடை. ஆனால் மயிலாப்பூரில் பாதிப் பேர் அங்கே போவது பந்தயம் தீர்க்கத்தான். எம்டன் கப்பல் சென்னையில் குண்டு போட்டது எந்த வருஷம், சூரிய வெளிச்சம் பூமிக்கு வந்து சேர எத்தனை நிமிஷம், தமிழில் படம் பேச ஆரம்பித்தது எப்போது என்று ஹோட்டலில் வாய்ச்சண்டை முற்றினால், கை கழுவின ஈரம் காய்வதற்குள் பாய் கடைக்கு வந்துவிடுவார்கள். பதில் சொல்லும்போது பாய் தலை நிமிர்வதில்லை. தண்ணீரில் எங்கே குமிழி கிளம்புகிறது என்பதிலேயே கண் இருக்கும். ஓட்டையையும் கண்டுபிடிப்பார், விடையையும் சொல்வார்.

தோற்றவன் மூன்று டீ வாங்க வேண்டும். பாய் தம்முடைய டீயைக் குடித்து முடித்தால்தான் தீர்ப்பு செல்லும். இது அவரே போட்ட சட்டம். "டீ உள்ளே எறங்கலேன்னா கேஸு இன்னும் நடந்துக்கினு கீதுன்னு அர்த்தம்" என்பார். பென்சிலை முதலில் செய்தவன் எந்த தேசத்தான் என்ற வழக்கில் ஒரு தடவை அவருக்கே சந்தேகம் தட்டிவிட்டது. வாய் வரை கொண்டுபோன டீயைத் தொட்டியில் கொட்டிவிட்டு, மறுநாள் புஸ்தகம் பார்த்துவந்து தீர்ப்பை மாற்றினார். 'தெரியாது' என்ற வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. கர்வம் கொஞ்சம் உண்டு, மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவர் படிப்பு மூன்றாம் பாரத்தோடு நின்றுபோனது. மற்றதெல்லாம் நாற்பத்திரண்டில் வந்த படிப்பு. ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று ஊரே மூட்டை கட்டியபோது, கோபாலபுரத்து பங்களா ஒன்றில் அலமாரி நிறைய இருந்த புஸ்தகங்களைப் பழைய பேப்பர் விலைக்குத் தள்ளிவிட்டார்கள். பாய் ஒரு கை வண்டி பிடித்துப் போய் அள்ளிக்கொண்டு வந்தார். தெருவில் நாய்கூட இல்லாத அந்த நாட்களில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து படித்தார். வாடகைக்கு எடுக்க ஆள் இல்லாமல் சைக்கிள்கள் சும்மா நின்றன.

தேசம் இரண்டாகப் பிரிந்துவிட்ட இப்போது அதே ஜனங்கள் ஓட்டைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, ரகசியம் பேசுகிறவர்கள் போலக் கேட்கிறார்கள்: "என்ன பாய், நீங்க எப்போ அந்தப் பக்கம் போறதா உத்தேசம்?" பாய் பஞ்சர் காசை வாங்கிப் போட்டுக்கொள்வதோடு சரி. அவர்கள் போன பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்: "குண்டு போடறான்னதும் பொட்டியத் தூக்கிக்கினு ஓடினவன் அவன். ஓடாம குந்தினு இருந்தவன் நான். என்னெப் பாத்து எப்போ போறேன்னு கேக்கறான்."

அந்தப் பக்கம் போனவள் அவருடைய மகள் ஜஹனாரா. அவளும் ஓடிப் போகவில்லை, கல்யாணமாகிப் போனவள். மாப்பிள்ளை மெஹபூப் பாஷாவுக்கு ரயில்வேயில் கார்டு வேலை, சிந்து மாகாணத்தில் ஜேகோபாபாத். சம்பந்தம் பேசும்போதே பாய்க்குப் பெருமை பிடிபடவில்லை. "இந்தியாவுலயே வெயில் ஜாஸ்தி அடிக்கிற ஊரு எது? ஜேகோபாபாத். அங்கதான் பொண்ணு குடுக்கப்போறேன்" என்று கடைக்கு வந்தவனையெல்லாம் பிடித்துவைத்துச் சொன்னார். அப்போது அது ஒரே இந்தியா.

அவளுக்கு இது தலைப்பிரசவம். தாய் வீட்டுக்கு வர வேண்டும். போன வருஷத்திலிருந்து அங்கிருந்து இங்கே வருவதற்கு பர்மிட் கேட்கிறார்கள். மனுப் போட்டு மாசக்கணக்கில் ஆகிறது, பதிலைக் காணோம். பாயின் மனைவி அஃப்சருன்னிசா தொட்டிலைக் கழுவிக் காயவைத்துவிட்டு, "ரயில் ஏறுனா வந்துடப்போறா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த ஊர் இப்போது வேறு தேசம் என்பதை அந்த வீட்டில் இதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல அவர்களுக்கு பயம்.

போன வாரம் அக்னி நட்சத்திர வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தபோது, இன்ஷூரன்ஸ் ஆபீஸ் சுப்பராமனும் கோடம்பாக்கம் ஸ்டூடியோவில் விளக்குத் தூக்கும் ஏழுமலையும் கை கோத்தபடி வந்து நின்றார்கள். பாய் வெட்டி விட்டார்.

"இந்தியாவுலயே வெயில் ஜாஸ்தி எந்த ஊர்லன்னு பந்தயம் பாய்" என்றான் ஏழுமலை. "நான் பிகானீர் பக்கம்னு சொல்றேன்."

சுப்பராமனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஜேகோபாபாத்! பாய்தானே எனக்கே சொல்லிக்குடுத்தார். அவர் பொண்ணே அங்கதான் இருக்காளாக்கும்."

"வெயிலு அங்கதான் ஜாஸ்தி. நான் இல்லேன்னா சொன்னேன்? ஆனா அந்த ஊரு இப்போ இந்தியாவுலயா கீது? நீயே சொல்லு பாய்."

ஏழுமலைக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பந்தயத்தில் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். சுப்பராமனுக்குத்தான் முகம் செத்துவிட்டது. "வேண்டாம் பாய், விட்டுடுங்கோ. நான் தோத்ததாவே இருக்கட்டும்."

பாய் தொட்டியிலிருந்து தலையை நிமிர்த்தினார். இத்தனை வருஷத்தில் அவர் நிமிர்ந்து பார்த்துத் தீர்ப்புச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"ஏழுமலை ஜெயிச்சான்" என்றார். "அந்த ஊரு இந்தியாவுலே இல்லே."

பிறகு சுப்பராமனைப் பார்த்து, "கை வெட்டியாச்சு நைனா. போயி டீ சொல்லு" என்றார்.

டீ வந்தது. இரண்டு பேரும் குடித்து முடித்தார்கள். சுப்பராமன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழுமலைக்கு ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிந்ததே தவிர, என்ன என்று விளங்கவில்லை. பாய் தம் கிளாஸை எடுத்தார். ஆவி அடங்கும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் அதைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, நிறம் மாறிய தண்ணீருக்குள் டியூபை மறுபடி அமுக்கினார்.