துவக்கின் பாரம்

சனிக்கிழமை காலைகளில் எங்கள் காரின் பின் இருக்கையில் ஒரு துவக்கு படுத்திருக்கும். பூட்டுப் போட்ட பெட்டிக்குள்தான். பெட்டியின் மேல் மகளின் கையுறையும் வாழைப்பழமும் தண்ணீர்ப் போத்தலும் கிடக்கும். ரொக்ஸ்பரோவில் எங்கள் வீதி மூலையிலுள்ள தெப்பனேர்ச் சில்லறைக் கடைக்கு முன்னால் நிறுத்தி, அவளைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போவேன். போன மாதம் ஒருநாள் திரும்பி வந்தபோது ஒரு பொலிஸ்காரர் காருக்குப் பக்கத்தில் நின்று அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலை நிலத்தில் வைத்துவிட்டு இரண்டு கையும் தெரிய நின்றேன். அவர் கூரையில் கட்டியிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளைப் பார்த்துவிட்டு, "பயத்லோன்?" என்றார். ஓம் என்பதற்குப் பிரெஞ்சில் "உவி" என்றேன். மகளுக்குக் கையைக் காட்டிச் சிரித்துவிட்டுக் கோப்பி வாங்கப் போய்விட்டார். துவக்கோடு இருக்கிற பிள்ளையைப் பார்த்து ஒரு சீருடைக்காரர் சிரித்துவிட்டுப் போகிற ஊரில் இருக்கிறேன் என்பது, வந்து இருபத்தாறு வருடமாகியும் என் உடம்புக்கு விளங்கவில்லை.

பயத்லோன் என்றால் என்னவென்று ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். முதுகில் துவக்கைக் கட்டிக்கொண்டு பனிக்காட்டுக்குள் சறுக்கி ஓடுவது, மூச்சு வாங்க வந்து நின்று ஐந்து சின்ன வட்டங்களைச் சுடுவது, பிறகும் ஓடுவது. தவறவிட்ட ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு சுற்று அதிகமாக ஓட வேண்டும். என் மகள் அபிராமிக்குப் பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டினார்கள், அதோடு பிடித்துக்கொண்டது. பதினெட்டு ஆகாதபடியால் துவக்கு பெரியவர் ஒருவரின் பெயரில் இருக்க வேண்டும். மனைவி மலர் அந்தக் கடதாசியைத் தொடவே மாட்டேன் என்றாள். நானே வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுதினேன். இப்போது என் படம் போட்ட துவக்கு அனுமதி அட்டை ஒன்று காசுப்பையில் இருக்கிறது. அகதி விசாரணையில், ஆயுதம் தொட்டதுண்டா என்று என்னை மூன்று விதமாகக் கேட்டது இதே நாடுதான். இல்லை என்று அன்று சொன்னேன். அது பொய்யில்லை. நான் தொட்டது ஒரு துவக்கின் தோள்பட்டியை மட்டும்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாங்கள் வாங்கியது பழைய துவக்கு. ஒரே இடத்தில் நின்று சுடும் பெரிய ஆம்பிளைக்குச் செய்த கனத்த குழல். ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும். அபிராமி சின்ன உடம்பு. மார்கழி முடிவதற்குள் இரண்டு தோளும் கன்றிப்போய்விட்டது. மலர் எண்ணெய் பூசிவிடும்போது பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பாள். குழலின் வெளிப்பக்கத்தைக் கடைந்து மெல்லிதாக்கினால் பாரம் குறையும், ஒரு ஆர்முரியேயிடம் கொண்டு போங்கள் என்று அவளைப் பழக்குகிற கோச் மனுசி சொன்னா. துவக்குத் திருத்துகிறவரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நான் ஓம் ஓம் என்றுவிட்டு நாளைக் கடத்தினேன். டோர்வல் விமான நிலையத்துச் சமையற்கூடத்தில் வேலை எனக்கு. ஒரு கிழமை ஓவர்டைம் என்றேன், மறு கிழமை தடிமன் என்றேன். உண்மை என்னவென்றால், பாரம் தாங்காமல் அவளாகவே விட்டுவிடட்டும் என்று காத்திருந்தேன். காலையில் தேவாரம் பாடி முடித்துக் கும்பிடும்போதுகூட அதைத்தான் கேட்டேன். பிள்ளையின் தோள் நோகட்டும் என்று முருகனிடம் கேட்ட தகப்பன் நான்.

கடைசியில் கோச் தானே நேரம் பிடித்துத் தந்துவிட்டா. பாலம் தாண்டி இல்-பிசார் தீவில் ஒரு வீட்டின் கராஜ்தான் அந்த ஆர்முரியேயின் பட்டறை. அறுபது தாண்டிய பெரிய மனிதர், தாடி நெஞ்சு வரைக்கும். துவக்கைக் கையில் எடுத்து, பனி புகாமல் குழல் வாயில் போட்டிருந்த மூடியைத் திறந்து, விளக்கு வைத்துப் பார்த்தார். பிறகு என்னை ஐயா என்று பிரெஞ்சில் கூப்பிட்டார்.

"மிசியே, இது என்ன மஞ்சள்?"

எனக்கு உடனே விளங்கியது. புரட்டாதியில் சரஸ்வதி பூசைக்கு அபிராமியின் புத்தகங்களோடு மலரின் தையல் மெசினையும் என் கத்தியையும் சாமியறையில் வைத்தோம். துவக்கையும் பூட்டோடு கொண்டுவந்து வைத்தது நான். அதுவும் பிள்ளை படிக்கிற ஒன்றுதானே. நெற்றி எதுவென்று தெரியாமல், குழலின் வாயில் பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை ஒரு பொட்டாக வைத்தேன். பூசை முடிந்ததும் அபிராமி மூடியைப் போட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்; பனி விழும் வரைக்கும் அது அப்படியே கிடந்தது. இதையெல்லாம் என் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? கடவுளுக்கு என்றேன்.

"சுடுவதற்கு முன்னா கும்பிடுவீர்கள், பின்னா?" என்று கேட்டார்.

"சுடுவதற்கில்லை. தையல் மெசினுக்கும் வைத்தோம்."

"தையல் மெசினாலும் சுடுவீர்களா?" என்றுவிட்டு, என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "என் அம்மா, அப்பாவின் லொறி எஞ்சினுக்குள் மாதா கோவில் தீர்த்தம் ஊற்றினவர். உங்களுடையது பரவாயில்லை."

பரவாயில்லை என்றாரே தவிர, விசயம் அப்படியில்லை. ஈரம் மூடிக்குள் நின்று குழலின் வாய் துருவேறிக் குழிந்திருந்தது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அது. அங்கே ஊசி முனையளவு பிழை இருந்தாலும் குண்டு நினைத்த இடத்துக்குப் போகாதாம். இரண்டு விரலளவு வெட்டி வாயைப் புதிதாக்கலாம், அதோடு லேத்தில் போட்டு வெளிப்பக்கத்தையும் கடையலாம் என்றார். ஆனால் வெளியே சீவும்போது உள்ளே இறுகியிருந்த இரும்பு இளகித் துளை அகன்றுவிடவும் கூடும். அப்படியானால் குழல் குப்பைக்குத்தான். "சீவினதைத் திரும்ப ஒட்ட ஏலாது மிசியே. வேண்டும் வேண்டாம் என்று உரியவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்." யோசித்துவிட்டு அடுத்த சனி வருகிறோம் என்றேன்.

எல்லாவற்றையும் எனக்குப் பக்கத்தில் நின்று கேட்ட அபிராமி, கார் பாலத்தில் ஏறியதும் தொடங்கினாள்.

"அப்பா, நான் கண் டெஸ்ட்டுக்குப் போனன் தெரியுமோ? அம்மாவோடை. குறி பிழைக்கப் பிழைக்க என்ரை கண் பழுதெண்டு நினைச்சன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீங்கள் விடச் சொல்லுவீங்கள்." கொஞ்சம் கழித்து, "எத்தினை சுத்து உங்கட சந்தனத்துக்கு ஓடியிருக்கிறன்" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

பட்டியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். எனக்கு வசந்தன் என்று ஒரு தம்பி. பதினெட்டு வயதில் இயக்கத்துக்குப் போனான். போய் ஐந்தாறு மாதத்தில் ஒரு அரை நாள் வீட்டுக்கு வந்தான். துவக்கைக் குசினிச் சுவரில் சாத்திவிட்டுச் சேட்டைக் கழற்றினான். தோள் எலும்பின் மேல் தோல் உரிந்து சிவந்திருந்தது. "பாரம் அண்ணை. தோள் விட்டுப்போகுது" என்றான். அதைச் சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அப்போது சந்தியில் ஒரு தையற்கடையில் வேலை. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பழைய பள்ளிக்கூடப் பையின் பஞ்சை எடுத்து, பெனியன் துணியில் சுற்றி, அந்தப் பட்டிக்கு நாலு வரிசை தையல் போட்டுக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு முற்றத்தில் நடந்து பார்த்தான். "இப்ப சுகமாயிருக்கு" என்றான். அம்மா அவித்த புட்டைச் சாப்பிட்டுவிட்டு, பொழுதுபட முன்னரே பனங்கூடலுக்குள்ளால் போனான். வந்தபோது ஒரு பக்கம் சாய்ந்து வந்தவன், போகும்போது நிமிர்ந்து போனான். அடுத்த மாதம் செய்தி வந்தது. உடம்பு வரவில்லை. அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனைதான். அந்தப் பாரம் அவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பியிருக்கும். நான் அதைக் குறைத்துக் கொடுத்தேன்.

இதை மலருக்கு அந்தக் கிழமைதான் முதல்முறையாகச் சொன்னேன். மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்தாள்.

"நீங்கள் தைக்காட்டி அவர் தோல் உரிய உரியக் கொண்டு போயிருப்பார். அவ்வளவுதான்."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், நிண்டிருப்பாரெண்டு? இஞ்சேருங்கோ, இது விளையாட்டு. கடதாசி வட்டத்துக்குச் சுடுறதுகூட இல்லை, தகரத்துக்குச் சுடுதுகள். உங்கட பயத்தைத் தூக்கிப் பிள்ளையின்ரை முதுகிலை ஏத்தாதேங்கோ. ஏலுமெண்டா மறியுங்கோ, இல்லாட்டிக் கையெழுத்தைப் போடுங்கோ. பாரத்தைக் கொண்டு மறிப்பியாதேங்கோ."

அடுத்த சனிக்கிழமை கராஜுக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் அபிராமிக்குச் சொன்னேன். சாமியறைக்கு வெளியே மாலை போட்டிருக்கிற படத்தில் உள்ள சித்தப்பா சண்டையில் செத்தார் என்று மட்டும்தான் அவளுக்குத் தெரியும். பட்டியைச் சொன்னேன். தோளைச் சொன்னேன். சந்தனம் அறியாமல் வைத்தது, ஓவர்டைமும் தடிமனும் அறிந்து சொன்னது என்றும் சொன்னேன்.

"அப்ப நான் விடட்டோ?" என்றாள்.

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். ஓம் என்றால் போதும். இத்தனை மாதம் கும்பிட்டுக் கேட்டது கைக்கு வந்துவிட்டது. தம்பி அன்று தோளைக் காட்டிவிட்டு நின்ற நிற்பு அப்போதுதான் எனக்கு விளங்கியது. அன்று நான் பட்டியைத்தான் பார்த்தேன். போக விருப்பமோ என்று அவனைக் கேட்கவில்லை.

"உனக்கு விருப்பமோ பிள்ளை?"

"ஓம் அப்பா. சரியான விருப்பம்."

இறங்கிப் போய்க் கையெழுத்துப் போட்டேன். கடதாசியை எடுக்க அவர் கை நீட்டிய பிறகும் நான் அதை விடாமல் பிடித்திருந்தேன். அந்தப் பெரிய மனிதர், துளை அகலாது, பயப்படாதீர்கள் என்று என் தோளில் தட்டினார். குழலுக்காகப் பயப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார். நானும் மெர்சி என்றேன்.

முருகன் கிருபையில் குழல் கெடவில்லை. ஒரு கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டது. மாசி முடிவில் வடக்கே ஒரு மலையடிவாரத்தில் போட்டி. அபிராமி மற்றப் பிள்ளைகளோடு புறப்பட்டு, வளைவில் குனிந்து, ஊசியிலை மரங்களுக்குள் போய்விட்டாள். ஒரு சுற்றுக்கு ஏழெட்டு நிமிடம். பெற்றோர் எல்லோரும் கோப்பிக் கோப்பைகளோடு சுடுகிற திடலின் வேலிக்கு நகர்ந்தார்கள். தங்கள் பிள்ளை எத்தனை வட்டம் விழுத்தும் என்பதுதான் அவர்களுக்கு அங்கே பார்க்க இருந்தது. வேலியோரம் நின்ற ஒரு தாய், "மிசியே, அங்கே ஒன்றும் தெரியாது, இங்கே வாருங்கள்" என்று தனக்குப் பக்கத்தில் இடம் விட்டுக் கூப்பிட்டார். நல்ல மனுசி. வாறன், பேந்து வாறன் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, அவருக்கு விளங்கவில்லை. அவர்கள் எல்லோரும் ஒரு பக்கம் பார்த்து நிற்க, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள் திரும்பி வருகிறாளா என்று நான் மரங்கள் தொடங்குகிற இடத்தையே பார்த்து நின்றேன். அவள் வெளியே வந்தாள். என்னைக் கவனிக்காமல் கடந்து போய்ச் சுட்டாள், அவர்கள் கைதட்டினார்கள். எத்தனை விழுந்தது என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் இரண்டாம் சுற்றுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தாள்.