பெட்டி மருந்தும் பொட்டல மருந்தும்

தையல் நூலை என் மனைவியின் வலது ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் ஒரு சுற்று சுற்றுவேன். நுனி வந்து சேரும் இடத்தில் மையால் புள்ளி வைத்து, நூலை நீட்டி எஃகு ஸ்கேலின் மேல் கிடத்தி அளப்பேன். தினமும் காலை ஆறேகால் மணிக்கு. நோட்டில் முதல் கட்டத்தில் அந்த அளவு. இரண்டாவதில், விழித்ததிலிருந்து விரல்களை உள்ளங்கைவரை மடக்க அவளுக்கு ஆகும் நிமிடங்கள். மூன்றாவதில் மருந்தின் பெயரும் நிறமும். நான்காவதில் அதை விழுங்கிய நேரம். ஆறு வருடம் கழித்து அந்த நோட்டைப் பிரித்துப் பார்த்தால், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை. டில்லி மோதி பாக்கில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். நான் ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். அவள் மந்திர் மார்க் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். இருவருமே திருநெல்வேலிப் பக்கம். ஒரு ஜனவரி காலையில் அவளால் ஜாக்கெட் கொக்கியை மாட்ட முடியவில்லை. குளிர்தான் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம். ஹோலி போய் வெயில் வந்த பிறகும் விரல்கள் வீங்கியே இருந்தன. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க முடியாமல் முழங்கையை வளைத்து மாட்டிக்கொண்டு நின்றாள். வகுப்பில் சாக்பீஸ் நழுவி விழ ஆரம்பித்தது.

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. ஒரு சனிக்கிழமை அவளை அழைத்துப்போகப் போயிருந்த என்னையும் உட்காரச் சொன்னார்.

"சார், டீச்சர் கைய எப்படியாவது சரி பண்ணிக் கூட்டிட்டு வாங்க. மூணாங் கிளாஸ் புள்ளைங்க பலகையைப் பாத்துத்தான் எழுத்து படிக்குது. எல்லாம் டில்லியில பொறந்ததுங்க. வீட்டுல யாரு எழுதிக் காட்டுறா? அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் தொறக்குற வரைக்கும் நான் சமாளிக்கிறேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அவளுக்கு வீட்டில் இருக்கத் தெரியாது. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. அந்தப் பலகைதான் அவளுக்கு எல்லாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூட்டு நோய்களைப் பார்க்கும் ஒரு பஞ்சாபி டாக்டர், முடக்குவாதம் என்றார். வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கின. தங்க உப்பு சேர்ந்த ஊசி போட்டார்கள், உடம்பெல்லாம் தடித்துப்போய் நிறுத்தினார்கள். கடைசியில் அவர் கொஞ்சம் தயங்கி, ஒரு ஆன்டிபயாடிக் இருக்கிறது என்றார். டெட்ராசைக்ளின். சில டாக்டர்கள் இந்த நோய்க்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள், பலர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், நான் எந்த உறுதியும் தர மாட்டேன் என்றார். மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், தினம் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு நடுவில், வயிறு காலியாக இருக்கும்போது. வெளியே வந்ததும் அதை அப்படியே நோட்டில் எழுதினேன்.

அரசாங்க ஊழியர்களுக்கான எங்கள் டிஸ்பென்சரியில் அப்போது அந்த மருந்து இருப்பில் இல்லை. இல்லாத மருந்தை வெளிக்கடையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள். அப்படி வந்தது பெட்டி மருந்து. பெரிய கம்பெனியின் பெயர் போட்ட அட்டைப் பெட்டி, வெள்ளித் தாளில் ஒட்டிய காப்ஸ்யூல்கள். அவள் ஒன்றைப் பள்ளியில் பதினொன்று பத்துக்கு மணி அடித்ததும் பானைத் தண்ணீரில் விழுங்குவாள். இன்னொன்றை நாலரைக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியதும். மூன்றாவது மாதம் நூல் இரண்டு மில்லிமீட்டர் குறைந்தது. நிமிடங்கள் தொண்ணூறிலிருந்து நாற்பதுக்கு வந்தன.

"என்னங்க, வெரலை அளக்கதுக்கு ஒரு டெய்லரைக் கூப்பிட்டிருக்கலாம்லா? ஜாக்கெட்டாவது தைச்சிருப்பான்" என்று சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாதமாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த மாதம் டிஸ்பென்சரிக்கு அரசாங்க சப்ளை வந்துவிட்டது. கம்பவுண்டர் ஒரு பெரிய தகர டப்பாவிலிருந்து காப்ஸ்யூல்களைத் தட்டில் கொட்டி, எண்ணி, பழுப்புக் காகித உறையில் போட்டு நீட்டினார். கம்பெனிப் பெயர் இல்லை. மருந்தின் பெயரை மட்டும் பென்சிலால் கிறுக்கியிருந்தார்.

"இது அது இல்லை" என்றேன் இந்தியில். "எனக்கு முன்பு தந்த டப்பா வேண்டும்."

"பாபுஜி, டப்பா கானா ஹை யா தவாயி?" என்றார் அவர். பெட்டியைச் சாப்பிடப் போகிறீர்களா, மருந்தையா? வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "மருந்து ஒன்றுதான். பானி கே சாத், பானி கே சாத்." தண்ணீரோடு, தண்ணீரோடு. எந்த மருந்தைத் தந்தாலும், யாருக்குத் தந்தாலும் அவர் அதையேதான் சொல்வார். அவர் குரலில் அது ஜன்னலைச் சாத்துகிற சத்தம் மாதிரி. நான் காதில் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து மிச்சமிருந்த ஒரு பெட்டிக் காப்ஸ்யூலையும் ஒரு பொட்டலக் காப்ஸ்யூலையும் பிரித்து வெள்ளைத் தாளில் கொட்டினேன். இரண்டும் மஞ்சள் பொடி. பொட்டலப் பொடி கொஞ்சம் மங்கலாக இருப்பதாக எனக்குப் பட்டது. அதையும் எழுதினேன்.

"பொட்டலத்துல வந்தா என்னங்க?" என்றாள் அவள். "நம்ம ஊர்ல சுக்குகூட பொட்டலத்துலதான வாங்குதோம்."

"சுக்கு வேற, இது வேற. மட்டமான மருந்து சூட்டைக் கெளப்பும். ஏற்கெனவே உனக்கு வயிறு புண்ணு. ஒரு வேளை விட்டாலும் இது கேக்காது. இனிமே ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போகாண்டாம், நானே தாரேன்."

"நான் மறக்க மாட்டேன். டீச்சருக்கே ஹோம்வொர்க்கா?"

அன்றிலிருந்து வேளையை நான் எடுத்துக்கொண்டேன். காலை ஆறு மணி, மாலை ஏழு மணி. இரண்டு முறையும் வயிறு காலிதான். பூத்திலிருந்து வாங்கி வந்த பாலைக் காய்ச்சி, ஆற்றி, சூட்டைத் தணிக்க ஒரு தம்ளர் நிறையக் காப்ஸ்யூலோடு கொடுப்பேன். பாலைச் சாப்பாடு என்று எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதில்லை. சூடான மருந்து என்றால் பாலில்தான் விழுங்குவோம். என் அம்மா அப்படித்தான் தந்தாள், அவள் அம்மாவும் அப்படித்தான்.

ஐந்தாவது வாரம் நூல் நீண்டது. ஏழாவது வாரம் நிமிடங்கள் நூறைத் தாண்டின. ஒரு நாள் சேலைக் கொசுவத்தை மடிக்க முடியாமல் சுவரைப் பார்த்து நின்றாள். நான் மடித்துச் செருகினேன். கோணலாக இருந்தது. அவள் அதைச் சரிசெய்யச் சொல்லவில்லை. அப்படியே பள்ளிக்குப் போனாள். தம்ளரை விரல்களால் பிடிக்காமல், இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துத் தூக்க ஆரம்பித்தாள். அந்தத் தம்ளரில் பாலை நிரப்பி அவள் கையில் வைத்தது நான்.

நோட்டில் பெட்டி மருந்து முடிந்து பொட்டல மருந்து தொடங்கிய நாளின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டேன். அந்தக் கோட்டைக் காட்டி டிஸ்பென்சரி டாக்டரிடம் சண்டை போட்டேன். இருப்பில் இருக்கும்போது வெளியே வாங்க விதியில்லை என்றார். மூன்று மனு எழுதினேன். பதில் வருமுன் கன்னாட் பிளேஸில் கடை கடையாக ஏறி, அதே பெட்டியைத் தேடி வாங்கி வந்தேன். ஆறு மணி, ஏழு மணி, பால், பெட்டி மருந்து. இரண்டு மாதம் ஆயிற்று. நூல் குறையவில்லை. அவளுடைய ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சுண்டுவிரல் பக்கமாகச் சாயத் தொடங்கின.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். நான் எழுதியது இதுதான்: "பெட்டியும் போலியாக இருக்கலாம். வேறு கடையில் வாங்க வேண்டும்." அந்த நாட்களில் ஆபீசில் கோப்பைத் திறந்தால் எழுத்தே தெரியாது. பள்ளி திறக்க இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் எண்ணிக்கொண்டிருப்பேன். பள்ளிக்கூட வாசலில் போய் நின்று, இன்னும் ஒரு வருடம் தாருங்கள் என்று தலைமையாசிரியை காலில் விழலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன்.

கடைசியில் பஞ்சாபி டாக்டரிடம் நோட்டையே எடுத்துக்கொண்டு போனேன். இது எல்லாம் போலி மருந்து என்று எழுதிக் கொடுங்கள், நான் மேலிடத்துக்குப் போகிறேன் என்றேன். அதுவரை யாரும் அந்த நோட்டை முழுதாகப் படித்ததில்லை. அவர் பக்கம் பக்கமாகப் படித்தார். சிவப்புக் கோட்டில் அவர் விரல் நின்றது. பிறகு அப்படியே வலப்பக்கமாக நகர்ந்து நான்காவது கட்டத்துக்குப் போனது.

"பதினொன்று பத்து. இங்கே ஆறு மணி ஆகிவிட்டது. ஏன்?"

"நான் வீட்டில் கொடுக்க ஆரம்பித்தேன்."

"எதோடு?"

நான் பதில் சொல்லுமுன் அவள் சொன்னாள். "தூத், டாக்டர் சாப்."

அவர் பேனாவை மூடினார். பாலில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து இந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவே விடாது என்று மெதுவாகச் சொன்னார். பெட்டியானாலும் பொட்டலமானாலும் அப்படித்தான். எழுதிக் கொடுத்த அன்றே தான் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்றார். பிறகு, "ஒரே நாளில் இரண்டு மாறியிருக்கிறது. நீங்கள் ஒன்றின் கீழ்தான் கோடு போட்டிருக்கிறீர்கள்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் முழங்கையைக் கம்பியில் மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். சரோஜினி நகர் தாண்டியதும், "நீங்க வேணும்னா செஞ்சிய?" என்றாள். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

அதே பொட்டல மருந்தைத் தண்ணீரில் கொடுத்தேன். நான்கு மாதத்தில் நூல் குறைந்தது. மருந்தினாலா, நோயே தணிந்த காலமா என்று அந்த டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. வீக்கம் வடிந்தது, வலி பாதியானது. ஆனால் சாய்ந்த விரல்கள் நிமிரவில்லை. பள்ளி அதற்கு முன்பே திறந்துவிட்டது. ராஜினாமாக் கடிதத்தை அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன். கையெழுத்தை மட்டும் அவளே போட்டாள். பேனா இரண்டு தடவை நழுவியது. பழக்கத்தில் என் கண் கடிகாரத்துக்குப் போனது. அன்றைய பக்கத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை.

இப்போதும் வேளைக்கு மருந்து கொடுப்பது நான்தான். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் தம்ளரை வாங்கிக்கொள்கிறாள். உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் காப்ஸ்யூலை வாயில் போடுகிறாள்.