குரும்பலூர்க்காரியின் பெயரைக் கேட்டவர்

பூங்கோதை டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு அரியலூரில், பள்ளி ஆபீஸ் போனில் வந்தது. "டீச்சரம்மா, நம்ம பெரிய டீச்சரு போயிட்டாங்க" என்று மறுமுனையில், பெரம்பலூரில் எனக்குப் பக்கத்து வீட்டிலிருந்த குரும்பலூரக்கா அழுதார். "கஷ்டப்பட்டாங்களாக்கா?" என்றுதான் முதலில் கேட்டேன். "இல்லம்மா. காப்பி குடிச்சாங்க, பேப்பர விரிச்சாங்க, அப்படியே தல சாஞ்சிடுச்சு." அப்பாடா என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சாவுச் செய்திக்கு அப்பாடா சொன்னவள் என்று யாரும் என்னை வைய வேண்டாம். மூச்சிரைப்போடு சில வருஷமாக அவர் பட்ட பாட்டைப் பார்த்த உங்கள் எல்லாருக்கும் அந்த நிம்மதி வந்திருக்கும்.

பெரம்பலூர் பள்ளியில் அவரிடம் வரலாறு படித்த பெண்களுக்கு அவர் லண்டன் டீச்சர். நெற்றி நிறைய விபூதி, படிய வாரிய கொண்டை, கையில் திருச்சி பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலப் புத்தகம். பிரித்தால் கொலை. விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் ஒருவன் ஏழைப் பெண்களாகப் பார்த்துக் கொன்றானே, கடைசிவரை பிடிபடாமலே போனானே, அந்தக் கதை. தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே அதைப் பேசுவார். தையல் டீச்சர் டப்பாவை மூடிவிடுவார். நான் கணக்கு டீச்சர், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "சோறு திங்கிற நேரத்துலயாச்சும் அந்தக் கத்திய ஓரமா வைங்களேன் டீச்சர்" என்பேன். "கத்தியப் பத்தி நான் எங்கம்மா பேசினேன்? பொம்பளைங்களப் பத்தியில்ல பேசுறேன்" என்பார்.

அது உண்மை. கொன்றவன் யார் என்பதில் அவருக்கு அக்கறையே கிடையாது. "அவன் எவனா இருந்தா என்ன, நாசமாப் போனவன்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அவரைக் குடைந்தது வேறொன்று. செத்தவர்களில் சிலர் அடுத்தடுத்த தெருக்களில், தினக் காசு கொடுத்துப் படுக்கிற விடுதிகளில் இருந்தவர்கள். அவர்களுக்குள் ஒருவரையொருவர் தெரியுமா? விசாரணையில் ஆமாம் என்று அடித்துச் சொன்னவர் யாருமில்லை. "ஒரே சந்துல நடமாடின பொம்பளைங்க மேகலா. ஒருத்திக்கொருத்தி மூஞ்சி பாக்காம இருந்திருப்பாளுங்களா?" என்பார். "தெரிஞ்சிருந்தா யாராச்சும் சொல்லியிருப்பாங்கல்ல? விடுங்க டீச்சர்" என்பேன். விடமாட்டார். செத்து நூறு வருஷமானவர்களின் சிநேகிதத்துக்கு இந்த அம்மா ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறார் என்று சிரித்துக்கொள்வேன்.

நாங்கள் இருந்தது ஒரே லைன் வீட்டில். அவருக்கு முதல் போர்ஷன், எனக்கு நடு போர்ஷன், எனக்கு அடுத்தது குரும்பலூரக்காவுக்கு. அவர் வீட்டுக்காரர் லாரி டிரைவர், வடக்கே போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாது. பிள்ளை இல்லை. நான் பள்ளிக்குப் போனதும் என் மகளுக்குச் சோறூட்டி, தலை பின்னி, தூங்க வைப்பது அவர்தான். மகள் முதலில் அம்மா என்று கூப்பிட்டது என்னையா அவரையா என்று எனக்கு இன்னும் சந்தேகம்.

செல்போன் எங்கள் தெருவுக்கு வராத காலம் அது. ஒரு நாள் காலை அக்கா வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. எங்கேயாவது போயிருப்பார் என்று இருந்தோம். மறுநாளும் பூட்டு. அதற்கும் மறுநாள் ஒரு ஏட்டு சைக்கிளில் வந்து குழாயடியில் நின்றார். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்துத் தண்ணீரில் ஒரு பெண்ணின் உடல் கிடைத்திருக்கிறதாம். முகம் அடையாளம் தெரியவில்லை. கையில் சரோஜா என்று பச்சை குத்தியிருக்கிறது, சுருக்குப்பையில் பெரம்பலூரில் ஏறிய பஸ் டிக்கெட். "இங்க சரோஜான்னு யாராச்சும் உண்டாம்மா?"

"அப்படி யாரும் இல்லீங்களே" என்றார்கள் எல்லாரும். நானும்தான் சொன்னேன். பாவம், யார் பெற்ற பிள்ளையோ என்று உச்சுக்கொட்டிவிட்டுக் குடத்தை எடுத்தோம். ஏட்டு சைக்கிளைத் திருப்பினார்.

"இருங்க ஏட்டய்யா" என்று டீச்சர் குரல் வந்தது. வாசலில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்து, "குரும்பலூர்க்காரி பேரு என்ன?" என்றார்.

ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். நம் பக்கத்து வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே. கட்டிக்கொண்டு வந்தவளுக்குப் பிறந்த ஊர்தான் பெயர். ரஞ்சன்குடியக்கா, கல்லங்குறிச்சியம்மா, குரும்பலூர்க்காரி. அவருக்குக் காப்பியில் எத்தனை சர்க்கரை என்று தெரியும், எந்தப் பல் வலிக்கிறது என்று தெரியும். பெயர் தெரியாது. "கையில பச்சை இருந்துச்சே" என்றாள் ஒருத்தி மெதுவாக. "இருந்துச்சு. எழுத்தா, கோலமா?" என்றார் டீச்சர். யாரும் உற்றுப் பார்த்ததில்லை. இடுப்பிலிருந்த மகள் அந்தப் பூட்டைப் பார்த்துக் கையை நீட்டினாள். அழுதுவிட்டேன்.

லைன் வீட்டு ஓனரிடம் ஓடினோம். வாடகைக் கணக்கு அக்கா புருஷன் பெயரில், அக்கா பெயர் அவருக்கும் தெரியவில்லை. "அழுவுறத அப்புறம் அழு. குரும்பலூருக்குப் போவம் வா" என்று, மகளைக் குழாயடிப் பெண்களிடம் விடச்சொல்லி, டீச்சர் என்னை டவுன் பஸ்ஸில் ஏற்றினார். வழி முழுக்க என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். குரும்பலூரில் இறங்கியதும் இன்னொரு கஷ்டம். அந்த ஊரில் போய் குரும்பலூர்க்காரி எங்கே என்று கேட்க முடியுமா? ஊரே குரும்பலூர்க்காரிதான். "பெரம்பலூர்ல லாரி டிரைவருக்குக் குடுத்த பொண்ணு வூடு எதுங்க?" என்று டீச்சர் கடை கடையாகக் கேட்டார். ஒரு டீக்கடைக்காரர் கையைக் காட்டினார். அந்தச் சந்துக்குள் நடந்தபோது வேண்டாத தெய்வம் இல்லை.

வாசலில் உட்கார்ந்து ஒரு பெண்பிள்ளை கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தது. நிமிர்ந்தது. எங்கள் அக்கா. "அடியாத்தி! என்ன டீச்சரம்மா, ரெண்டு பேரும் இவ்வளவு தூரம்?" என்று எழுந்தார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொல்லி, விடியுமுன் கிளம்பி வந்திருக்கிறார். நான் அவரைக் கட்டிக்கொண்டு, "சொல்லிட்டு வந்தா என்னக்கா, வாய் வலிக்குதா?" என்று திட்டினேன். டீச்சர் மட்டும் அவர் கையைப் பிடித்துத் திருப்பினார். பச்சை மங்கிப்போயிருந்தது. ஆனால் எழுத்துத்தான்.

"சரோஜா" என்று டீச்சர் வாசித்தார்.

"ஆமா, எம் பேருதான். யாரு சொன்னா?" என்றார் அக்கா வெட்கத்தோடு.

அந்த வீட்டில் சிரித்த சிரிப்பைப் போல் நான் எங்கேயும் சிரித்ததில்லை. காய்ச்சல் தணிந்திருந்த அம்மா எழுந்து வந்து இவர்களுக்கு என்ன கேடு என்று பார்த்தார். அக்காவையும் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பினோம். பஸ்ஸில் சிரிப்பு அடங்கியபின் டீச்சர் சொன்னார்: "நம்ம சரோஜா கடலை உடைக்கிறா. அந்தச் சரோஜா எந்த ஊர்க்காரியோ, அவதான்னு தெரியாம எந்தத் தெருப் பொம்பளைங்க குடத்தத் தூக்கிட்டுப் போறாளுங்களோ." பெரம்பலூரில் இறங்கி நேரே ஸ்டேஷனுக்குப் போனார். "பேரச் சொல்லிக் கேக்காதீங்கய்யா. எந்த ஊர்க்காரியக் காணோம்னு கேளுங்க" என்றார். ஏட்டு நல்ல மனுஷர், அப்படியே கேட்டார். அந்த வாரத்திலேயே ஒரு தெருவில் 'ஐயய்யோ' என்று குரல் எழுந்தது. அவளுடைய அண்ணன் தம்பிகள் வந்து உடலை எடுத்துப் போனார்கள். அனாதைப் பிணமாகப் போகவில்லை என்பதில் டீச்சருக்குப் பெரிய ஆறுதல்.

லண்டன் வழக்கையும் அதன்பிறகு வேறு மாதிரிப் பேசினார். "அந்தப் பொம்பளைங்க ஆளுக்கு மூணு நாலு பேரு வச்சுக்கிட்டிருந்தாங்க, இடத்துக்கு ஒண்ணு. போலீசு ஒரு பேரச் சொல்லிக் கேட்டிருப்பான், தெரியாதுன்னு சொல்லியிருப்பாங்க. பொய் சொல்லல மேகலா, நாமளும் பொய் சொல்லலையே." அப்படியானால் பழக்கம் இருந்தது என்கிறீர்களா என்று மடக்கினேன். "அப்படியும் சொல்லிட முடியாது. இருந்திருந்தா நல்லாருக்கும்னு தோணுது. ஒருத்திக்காச்சும் பக்கத்துல ஒருத்தி இருந்திருப்பாள்ல" என்றார். இத்தனை வருஷம் அவர் தேடியது விடையை அல்ல, அந்தப் பெண்களுக்கு ஒரு துணையை என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அந்த நாளிலிருந்து டீச்சர் அவரை சரோஜா என்றே கூப்பிட்டார். நாங்கள் ஒரு வாரம் கூப்பிட்டோம், அப்புறம் பழையபடி குரும்பலூர்க்காரி ஆக்கிவிட்டோம். நான் அரியலூருக்கு மாற்றலாகி வந்தபிறகும் எனக்கு அவர் குரும்பலூரக்கா, அவருக்கு நான் டீச்சரம்மா.

செய்தி வந்ததும் பெரம்பலூருக்குப் போனேன். டீச்சரை எடுத்துக்கொண்டு போனபின் பெண்கள் குளிக்கக் கிளம்பினோம். அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. "நிம்மதியாத்தான் போனாங்க, அதுக்கு அழுவல" என்றார். "இனிமே என்னை யாரும்மா பேரு சொல்லிக் கூப்புடுவா?"

கையை நீட்டினேன். "எந்திரிங்க சரோஜாக்கா" என்றேன். நிமிர்ந்து என்னையே பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து எழுந்தார். டீச்சர் விட்டுப்போனதில் நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பெயரைத்தான்.

அன்று அரியலூர் வந்து சேர்ந்ததும் போன் செய்தேன். "சரோஜாக்கா, வந்து சேந்துட்டேன்."

"சரி மேகலா. சாப்புட்டுப் படு" என்றார்.